பாவினா படேல்: டோக்கியோ வெள்ளியோடு முடிந்த கதையா?

தாமிரபரணி (இழையைத் தொடங்கியவர்) · ஞாயிறு, இரவு 9:40

பாரிஸ் பாராலிம்பிக்ஸ் முடிந்த சமயம் இங்கே ஒரு பேச்சு ஓடியது. சக்கர நாற்காலியில் உட்கார்ந்து டேபிள் டென்னிஸ் ஆடுகிற பாவினா படேலிடம் பழைய ஆட்டம் இல்லை, 2021-ல் டோக்கியோ பாராலிம்பிக்ஸ் வெள்ளியோடு உச்சத்தைத் தொட்டு இறங்கிவிட்டார் என்று பலர் எழுதியிருந்தார்கள். அப்போதே பதில் எழுத நினைத்து, வேலையில் விட்டுப்போயிற்று. நேற்று பாரிஸில் அவர் தோற்ற காலிறுதியின் பதிவை முதலிலிருந்து கடைசி வரை மறுபடி பார்த்தேன். இனியும் எழுதாமல் இருந்தால் மனசு ஆறாது.

முதலில் அவர் எங்கிருந்து வந்தார் என்று சொல்லிவிடுகிறேன். குஜராத்தின் மேசானா மாவட்டத்தில் வட்நகர் பக்கம் சுந்தியா என்ற கிராமம். 1986 நவம்பரில் பிறந்தார். ஒரு வயதில் போலியோ. அப்பா ஊரில் சின்னதாகக் கடை வைத்திருந்தவர். விசாகப்பட்டினம் வரை கூட்டிப்போய் அறுவைச் சிகிச்சை செய்து பார்த்தார்கள். கால் தேறவில்லை. 2004-ல் அகமதாபாத்தில் பிளைண்ட் பீப்பிள்ஸ் அசோசியேஷனில் கம்ப்யூட்டர் படிக்கச் சேர்ந்தார். பெயரில் பார்வையற்றோர் என்று இருந்தாலும் மற்ற மாற்றுத்திறனாளிகளுக்கும் அங்கே படிப்பும் பயிற்சியும் உண்டு. அங்கே லலன் தோஷி என்ற பயிற்சியாளர் இருந்தார். உடம்பு நன்றாக இருக்கட்டும் என்று பிடித்த பேட் அது, பதக்கத்துக்காக இல்லை.

2009-ல் ஜோர்டானில் முதல் சர்வதேசப் போட்டி. 2011-ல் தாய்லாந்தில் வெள்ளி, அதோடு உலகத் தரவரிசையில் 2-ஆம் இடம். 2013-ல் பெய்ஜிங்கில் ஆசியப் போட்டியில் வெள்ளி. 2016 ரியோ பாராலிம்பிக்ஸுக்குத் தேர்வாகியும், ஆட்டத்துக்குச் சம்பந்தமில்லாத காரணங்களால் ஆட முடியாமல் போனது. 2017-ல் ஆசியப் போட்டியில் வெண்கலம். அதற்கெல்லாம் அப்புறம்தான் டோக்கியோ. 2021 ஆகஸ்டில் டிவி முன்னால் உட்கார்ந்து "யார் இந்தப் பெண்?" என்று நாம் கேட்டபோது அவர் 12 வருடமாக வெளிநாட்டு மேசைகளில் ஆடிக்கொண்டிருந்தார்.

ஒரே ஒரு பதக்கத்தை வைத்து இவரை எடைபோடுவது சரியா? அதைப் பேசத்தான் இந்த இழை.


கடல்காற்று · ஞாயிறு, இரவு 10:15

தாமிரபரணி, உங்கள் அக்கறை புரிகிறது. ஆனால் விளையாட்டில் முடிவுதானே கணக்கு? 2021-ல் வெள்ளி, 2024-ல் காலிறுதியோடு வெளியே. நடுவில் 2023-ல் ஹாங்சோ ஆசிய பாரா விளையாட்டில் வெண்கலம். வெள்ளி, வெண்கலம், காலிறுதி. இதை இறக்கம் என்று சொல்லாமல் வேறு என்ன சொல்வது? அவர்மேல் எனக்கு மரியாதை உண்டு. இருந்தாலும் உள்ளதைச் சொல்ல வேண்டும் இல்லையா?


கணக்கு டீச்சர் · ஞாயிறு, இரவு 11:02

கடல்காற்று சார், 2022-ஐத் தாண்டிப் போய்விட்டீர்கள். பர்மிங்காம் காமன்வெல்த்தில் 3 முதல் 5 வரையான வகுப்புகளைச் சேர்த்து நடந்த ஒற்றையரில் தங்கம். இறுதியில் நைஜீரியாவின் இக்பெயோயியை 12-10, 11-2, 11-9 என்று ஜெயித்தார். சீனா ஆடாத போட்டிதான், அதை ஒத்துக்கொள்கிறேன். தங்கம் தங்கம்தான்.

காலிறுதிக்கு வருகிறேன். அங்கே அவரைத் தோற்கடித்தது யார்? சீனாவின் சோ யிங். 2008 பெய்ஜிங், 2012 லண்டன் பாராலிம்பிக்ஸ் இரண்டிலும் ஒற்றையர் தங்கம் வென்றவர். டோக்கியோவில் குழு ஆட்டத்திலும் இறுதியிலும் பாவினாவை வீழ்த்தியவரும் இவரேதான். மூன்று ஆட்டங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

டோக்கியோ குழு ஆட்டம்: 3-11, 9-11, 2-11. பாவினா எடுத்தது மொத்தம் 14 பாயின்ட்.
டோக்கியோ இறுதி: 7-11, 5-11, 6-11. மொத்தம் 18.
பாரிஸ் காலிறுதி: 12-14, 9-11, 11-8, 6-11. மொத்தம் 38, எதிராளிக்கு 44.

முதல் இரண்டு ஆட்டத்திலும் ஒரு கேம்கூடக் கிடைக்கவில்லை. பாரிஸில் ஒரு கேம் எடுத்தார், முதல் கேமை 12-12 வரை இழுத்தார். அதே ஆள், மூன்று வருடம் கழித்து. இது இறங்குகிறவர் ஆட்டமாக எனக்குப் படவில்லை. யார் யாரோடு எந்தச் சுற்றில் மோதுவது என்கிற அட்டவணையில் சோ யிங் இறுதிக்குப் பதில் காலிறுதியிலேயே குறுக்கே வந்துவிட்டார், அவ்வளவுதான்.


கடல்காற்று · திங்கள், காலை 7:20

டீச்சர், அந்த 38-44 கணக்கை நான் போட்டுப் பார்க்கவே இல்லை. யோசிக்க வைக்கிறது. ஆனாலும் ஒரு சந்தேகம். டோக்கியோவிலும் அட்டவணைதானே உதவியிருக்கும்? சுலபமான பக்கம் கிடைத்திருந்தால் வெள்ளி கிடைப்பதில் ஆச்சரியம் இல்லை.


தாமிரபரணி · திங்கள், காலை 8:05

சுலபமான பக்கமா! நான் அந்த ஐந்து நாளும் லீவு போட்டுவிட்டுப் பார்த்தவன். கேளுங்கள்.

முதல் நாள் சோ யிங்கிடம் மூன்று கேமும் போயிற்று. குழுவில் மூன்றே பேர். அடுத்ததில் தோற்றால் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். எதிரே பிரிட்டனின் மேகன் ஷேக்கிள்டன், தரவரிசையில் பாவினாவைவிட மேலே இருந்தவர். 11-7, 9-11, 17-15, 13-11. அந்த மூன்றாவது கேம் 17-15 என்று முடிந்ததைக் கவனியுங்கள். நான் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டேன். என் கணிப்பில் அந்த வெள்ளி முடிவானது அங்கேதான், அரையிறுதியில் இல்லை.

அப்புறம் பிரேசிலின் ஜாய்ஸ் டி ஒலிவெய்ராவை நேர் கேம்களில் ஜெயித்தார். அன்றே காலிறுதி, செர்பியாவின் போரிஸ்லாவா பெரிச் ராங்கோவிச்சோடு. ரியோவின் தங்கம் அவர். 11-5, 11-6, 11-7, வெறும் 18 நிமிடம். அந்தப் போட்டியில் மூன்றாம் இடத்துக்குத் தனி ஆட்டம் கிடையாது, அரையிறுதியில் தோற்கிற இருவருக்குமே வெண்கலம். ஆக அந்த 18 நிமிடத்தில் இந்தியாவுக்கு டேபிள் டென்னிஸில் முதல் பாராலிம்பிக்ஸ் பதக்கம் உறுதியாகிவிட்டது.

மறுநாள் அரையிறுதியில் சீனாவின் ஜாங் மியாவ். ரியோவின் வெள்ளி. அதுவரை பாவினா அவரை ஒருமுறைகூட ஜெயித்ததில்லை. 7-11 என்று முதல் கேம் போனதும் வீட்டில் எல்லோரும் எழுந்து அவரவர் வேலைக்குப் போய்விட்டார்கள். நான் நகரவில்லை. 11-7, 11-4, 9-11, 11-8.

ரியோவின் தங்கத்தையும் வெள்ளியையும் இரண்டே நாளில் வீழ்த்திவிட்டு, இறுதியில் பெய்ஜிங், லண்டன் தங்கம் வென்ற சோ யிங்கோடு ஆடினார். இதைவிடக் கடினமான பக்கம் அந்த அட்டவணையில் எங்கே இருந்தது, சொல்லுங்கள்.


கடல்காற்று · திங்கள், காலை 8:31

சரி, அந்த வார்த்தையைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். அட்டவணை உதவியது என்று சொன்னது தப்பு.


சாய்வுநாற்காலி · திங்கள், பகல் 1:10

நான் டிடி (டேபிள் டென்னிஸ்) ஆடியதே இல்லை, ரசிகன் மட்டும். ஒரு சந்தேகம். பாவினா வகுப்பு 4 என்கிறார்கள். காமன்வெல்த்தில் 3-5 சேர்த்து என்கிறீர்கள். இந்த வகுப்பு என்பது என்ன? உட்கார்ந்து ஆடுகிறவர்கள் எல்லோரும் ஒன்றில்லையா?


வைகைக்கரை · திங்கள், இரவு 8:45

இதற்கு நான் பதில் சொல்கிறேன். முதுகுத்தண்டு அடிபட்டு ஒன்பது வருடமாகச் சக்கர நாற்காலியில் இருக்கிறேன், ஆறு வருடமாக ஆடுகிறேன். பெரிய ஆட்டக்காரன் எல்லாம் இல்லை, ஆனால் மேசைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து பார்த்தவன்.

மொத்தம் 11 வகுப்பு. 1 முதல் 5 வரை சக்கர நாற்காலி, 6 முதல் 10 வரை நின்று ஆடுகிறவர்கள், 11 அறிவுசார் குறைபாடு உள்ளவர்கள். எண் சிறியதாக இருந்தால் உடல் வரம்பு அதிகம். 1, 2-ல் கையிலேயே பாதிப்பு இருக்கும், பேட்டைக் கையோடு துணி சுற்றிக் கட்டிக்கொண்டு ஆடுகிறவர்களைப் பார்க்கலாம். 3-ல் கை நன்றாக இருக்கும், இடுப்புக்கு மேலே உடம்பை நிமிர்த்திப் பிடிக்கிற பலம் இருக்காது. 4-ல் அது ஓரளவு இருக்கும், முழுசாக இருக்காது. 5-ல் உடம்பின் மேல்பாகம் கிட்டத்தட்ட முழுசாக வேலை செய்யும். மருத்துவச் சான்றிதழில் போடுகிற சதவீதம் வேறு, இந்த வகுப்பு வேறு. போட்டியில் வகைப்படுத்துகிறவர்கள் நேரில் சோதித்துப் பார்த்துத்தான் கொடுப்பார்கள்.

இது ஏன் முக்கியம் என்றால், நின்று ஆடுகிறவருக்குப் பந்து தூரம் போனால் கால் போகும். எங்களுக்கு உடம்பு சாய வேண்டும். சாய்ந்த உடம்பு திரும்ப நிமிர வேண்டும். நெட்டுக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு பந்தைப் போட்டால், அதை எட்டி எடுத்துவிட்டு நிமிர்வதற்குள் அடுத்த பந்து தோளைத் தாண்டிப் போயிருக்கும். பேட் இல்லாத கையைப் பாருங்கள், அது சும்மா இருக்காது. சக்கரத்தையோ தொடையையோ பிடித்து உடம்பைத் தாங்கிக்கொண்டிருக்கும். அடித்து முடித்த பிறகு அந்தக் கையை மேசைமேல் ஊன்றி நிமிரலாம், மேசை நகராமல் இருந்தால் போதும். அடிப்பதற்கு முன்னால் ஊன்றினால் பாயின்ட் போயிற்று. தொடை இருக்கையை விட்டு எழும்பக் கூடாது, பாதம் தரையில் படக் கூடாது. மெத்தையின் உயரத்துக்குக்கூட 15 சென்டிமீட்டர் என்று வரம்பு உண்டு.

சர்வீஸிலும் ஒரு பெரிய வித்தியாசம் இருக்கிறது. ஒற்றையரில் நாம் போடுகிற பந்து எதிராளியின் பக்கம் விழுந்த பிறகு பின்கோடு வழியாகத்தான் வெளியே போக வேண்டும். பக்கவாட்டுக் கோட்டைத் தாண்டி வெளியே போனால் லெட், திரும்பப் போட வேண்டும். அங்கேயே நின்றுவிட்டாலும், நெட்டை நோக்கித் திரும்பினாலும் லெட்தான். இல்லையென்றால் ஸ்பின் போட்டுப் பக்கவாட்டில் திருப்பிவிட்டே ஜெயித்துவிடுவார்கள். நாங்கள் சக்கரத்தை உருட்டி அங்கே போய்ச் சேர முடியாதே!

இதையெல்லாம் மனதில் வைத்துக்கொண்டு அந்த அரையிறுதியை மறுபடி பாருங்கள். மூன்றாவது கேமை 11-4 என்று எடுக்கிறார் என்றால் எதிராளியின் உடம்பு எங்கே சாய்கிறது, எப்போது நிமிர்கிறது என்று படித்துவிட்டார் என்று அர்த்தம்.


சாய்வுநாற்காலி · திங்கள், இரவு 9:30

நன்றி அண்ணா. இத்தனை நாள் நான் கையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.


மலைச்சாரல் · செவ்வாய், காலை 10:12

எனக்கு ஒரு ஆதங்கம். வெள்ளி வென்றதும் குஜராத் அரசு 3 கோடி ரூபாய் அறிவித்தது. அர்ஜுனா விருதும் அந்த வருடமே வந்தது. எல்லாம் நியாயமானது, நன்றாகக் கொடுக்கட்டும். ஆனால் பதக்கத்துக்கு அப்புறம் வருகிற பணத்தால் அந்தப் பதக்கம் வரவில்லை. டோக்கியோவுக்கு முன்னால் ஒலிம்பிக்ஸ், பாராலிம்பிக்ஸ் ஆட்டக்காரர்களுக்கு உதவுகிற மத்திய அரசின் டாப்ஸ் திட்டத்தில் அவருக்குப் பந்து வீசுகிற ரோபோ, மேசை, ஆட்டத்துக்கென்றே செய்த சக்கர நாற்காலி எல்லாம் கிடைத்தன. கொரோனா ஊரடங்கில் வீட்டுக்குள்ளேயே பயிற்சி நடந்ததற்கு இவைதான் காரணம். அந்த உதவி 2011-ல், அவர் உலகின் 2-ஆம் இடத்தில் இருந்தபோது கிடைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் அடிக்கடி யோசிப்பதுண்டு. அப்போது அவருக்கு 25 வயதுகூட நிறைந்திருக்காது.


கணக்கு டீச்சர் · செவ்வாய், பகல் 12:40

மலைச்சாரல் சொன்னதோடு இன்னொன்று. பத்திரிகைகள் அப்போது எழுதியதைப் படித்தால் "ஊனத்தை வென்ற பெண்" என்பதே திரும்பத் திரும்ப வந்தது. எனக்கு அந்த வரி பிடிக்கவில்லை. அவர் வென்றது ராங்கோவிச்சையும் ஜாங் மியாவையும். அதை எழுதினால் போதாதா? ஒரு ஆட்டக்காரரைப் பற்றி ஒரு பக்கம் எழுதிவிட்டு அதில் ஒரு கேமின் ஸ்கோர்கூட இல்லை என்றால் அது விளையாட்டுப் பக்கமே இல்லை.


வைகைக்கரை · செவ்வாய், இரவு 9:05

டீச்சர், இதைப் படித்ததும் நெஞ்சு நிறைந்துவிட்டது. நான் ஆடப் போனால் பார்க்கிறவர்கள் தலையில் கை வைத்து ஆசீர்வாதம் பண்ணுகிறார்கள். நல்ல மனசோடுதான் செய்கிறார்கள். ஆனால் "பேக்ஹேண்ட் நன்றாக இருக்கிறது" என்று ஒரே ஒருவர்தான் இதுவரை சொல்லியிருக்கிறார், அந்த நாள் எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது.

மலைச்சாரல் கருவிகளைப் பற்றிச் சொன்னதால் என் அனுபவத்தையும் சொல்கிறேன். எங்கள் பக்கம் ஒரு உள்ளரங்கில் மேசை புதிது, விளக்கு நன்றாக இருந்தது, சாய்வுதளம்கூடப் போட்டிருந்தார்கள். ஆசையாகப் போனேன். மேசைக்கிட்டே போனதும் நாற்காலியில் கால் வைக்கிற ஃபுட்ரெஸ்ட் மேசைக்காலின் குறுக்குக் கம்பியில் டங்கென்று இடித்தது. அதற்கு மேல் உள்ளே போக முடியவில்லை. எங்கள் ஆட்டத்துக்கான மேசையில் கால்கள் விளிம்பிலிருந்து குறைந்தது 40 சென்டிமீட்டர் உள்ளே தள்ளி இருக்க வேண்டும். அந்த அரங்கை நடத்துகிறவர்களிடம் சொன்னேன், "அடுத்த முறை வாங்கும்போது பார்க்கலாம்" என்றார்கள். மூன்று வருடமாயிற்று. காசு செலவழித்துத்தான் வாங்கியிருக்கிறார்கள், வாங்குவதற்கு முன் ஆடுகிற ஒருவரைக் கேட்டிருந்தால் அதே காசில் சரியான மேசை வந்திருக்கும். அந்த வருத்தம் எனக்கு இன்னும் போகவில்லை.


கடல்காற்று · செவ்வாய், இரவு 10:22

ஆரம்பத்தில் நான் எழுதியதையும் இப்போது இருக்கிற இழையையும் பார்க்கிறேன். பாவினா பாரிஸில் இறங்கிவிட்டார் என்பதை இப்போது சொல்ல மாட்டேன். ஆனால் ஒரு கவலை மிச்சம் இருக்கிறது. அவருக்கு வயது நாற்பதை நெருங்குகிறது. அவருக்குப் பின்னால் யார்? சக ஆட்டக்காரர் சோனல் படேலோடு டோக்கியோவில் அணிப் போட்டி, பாரிஸில் இரட்டையர் எல்லாம் ஆடினார். சோனலும் பர்மிங்காமில் வெண்கலம் எடுத்தவர்தான். இருவரும் குஜராத். மற்ற மாநிலங்களில்?


தாமிரபரணி · செவ்வாய், இரவு 11:15

நல்ல கேள்வி. இதில் நாம் பேசாத ஒரு விஷயமும் இருக்கிறது. பாவினா போலியோ தாக்கிய தலைமுறை. இந்தியாவில் கடைசி போலியோ பாதிப்பு 2011 ஜனவரியில், 2014 மார்ச்சில் போலியோ இல்லாத பகுதி என்று சான்றும் வந்துவிட்டது. கொண்டாட வேண்டிய செய்தி. இனிமேல் மேசைக்கு வருகிறவர்களில் சாலை விபத்தில் முதுகுத்தண்டு அடிபட்டவர்கள் அதிகம் இருப்பார்கள் என்று நினைக்கிறேன். சின்ன வயதிலிருந்தே உட்கார்ந்து பழகியவர்கள் இல்லை, இருபதிலோ முப்பதிலோ ஒரே நாளில் எல்லாம் மாறிப்போனவர்கள். அவர்களை ஆஸ்பத்திரிக் கட்டிலிலிருந்து மேசை வரை கூட்டிவர ஒரு ஆள் வேண்டும். பாவினாவுக்கு அகமதாபாத்தில் அது அமைந்தது, படிக்கப் போன இடத்திலேயே மேசையும் இருந்தது, லலன் தோஷியும் இருந்தார்.


புதுவரவு27 · புதன், காலை 6:50

எல்லோருக்கும் வணக்கம். இதுவரை படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். தாமிரபரணி அண்ணா எழுதியது எங்கள் வீட்டுக் கதை. என் அக்காவுக்கு 31 வயது, இரண்டு வருடத்துக்கு முன்னால் பைக் விபத்து. இடுப்புக்குக் கீழே உணர்வு இல்லை, கைகள் நன்றாக இருக்கின்றன. பள்ளியில் டிடி ஆடியவள். விபத்துக்கு அப்புறம் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. நேற்று இரவு இந்த இழையை அவளிடம் காட்டினேன். 17-15 என்ற இடம் வந்ததும் போனை வாங்கி அவளே படித்தாள். ஆடலாமா, எங்கே தொடங்குவது?


வைகைக்கரை · புதன், காலை 7:35

தம்பி, முதலில் அவர்களுடைய டாக்டரையும் பிசியோதெரபிஸ்டையும் கேட்டுவிடுங்கள். அவர்கள் சரி என்றால் மற்றதெல்லாம் ஒன்றுமில்லை.

ஆட்டத்துக்கென்று தனி நாற்காலி இப்போது வேண்டாம், வீட்டில் இருக்கிறதே போதும். கைப்பிடிப் பக்கவாட்டுத் தகடு கழற்ற முடிந்தால் கழற்றிவிடுங்கள், முழங்கை இடிக்காது. உணர்வு இல்லாத இடத்தில் புண் வந்தால் தெரியாது, அதனால் நல்ல மெத்தை கட்டாயம். அரை மணிக்கு ஒருமுறை இரண்டு கையையும் ஊன்றி உடம்பைக் கொஞ்சம் தூக்கிப் பிடிக்கச் சொல்லுங்கள். ஆட்ட சுவாரஸ்யத்தில் இது மறந்துபோகும், நீங்கள்தான் ஞாபகப்படுத்த வேண்டும். நான் மறந்து ஒரு மாதம் குப்புறப் படுத்துக் கிடந்திருக்கிறேன்.

போகிற இடத்துக்கு ஒரு டேப் எடுத்துப் போய் மேசைக்கால் எவ்வளவு உள்ளே இருக்கிறது என்று அளந்துவிடுங்கள். முதல் நாளே இடித்தால் மனசு விட்டுப்போகும்.

முதல் வாரம் முழுக்க சர்வீஸ் மட்டும். எதிர்ப்பக்கப் பின்கோட்டில் மூன்று காகிதக் கப்பை வைத்து, அதைத் தட்டுகிற மாதிரி போடட்டும். பக்கவாட்டில் ஒதுங்கி ஓடுகிற பழைய பள்ளிக்கூட சர்வீஸ் இங்கே செல்லாது, அதைக் கையிலிருந்து மறக்கடிக்க வேண்டும்.


கணக்கு டீச்சர் · புதன், காலை 8:10

புதுவரவு, அக்காவிடம் என் வணக்கத்தைச் சொல்லுங்கள். பாவினாவின் அரையிறுதிப் பதிவைக் காட்டும்போது முதல் கேமைத் தாண்டிவிடாதீர்கள். தோற்ற கேமிலிருந்து பார்த்தால்தான் இரண்டாவதில் என்ன மாற்றினார் என்று தெரியும்.


புதுவரவு27 · ஞாயிறு, மாலை 6:25

டாக்டர் சரி சொல்லிவிட்டார். இன்று போனோம். ஊரில் மூன்று இடம் பார்த்து, மூன்றாவது இடத்தில்தான் மேசைக்கால் உள்ளே தள்ளி இருந்தது. டேப்பில் 42 சென்டிமீட்டர். வாட்ச்மேன் எதற்கு அளக்கிறீர்கள் என்று கேட்டார், அண்ணா சொன்னதைச் சொன்னேன். அவரே ஒரு பக்கம் பிடித்துக்கொண்டார்.

காகிதக் கப் வைத்தோம். அக்கா முதல் பந்தை நெட்டில் போட்டாள். இரண்டாவதும் நெட். மூன்றாவது அந்தப் பக்கம் விழுந்து, அப்படியே வளைந்து பக்கவாட்டில் ஓடிப்போயிற்று. நான் எடுக்க ஓடினேன். திரும்பிப் பார்த்தால் அவள் ஒரு கையில் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு இன்னொரு கையைத் தூக்கி, "லெட், லெட், பந்தைக் கொடு" என்கிறாள்.